எல்லாப் பிள்ளைகளும் வாய் திறக்கட்டும்: சமய வகுப்பில் எழுத்தொலி மீள்பார்வை விளையாட்டுகள்

நம் ஆலயங்களில் ஞாயிறு வகுப்புக்கு வரும் ஆறு, ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளைக் கவனித்துப் பாருங்கள். பஞ்சபுராணம் பாடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு பிசகாமல் பாடுவார்கள். அதே பாட்டைப் புத்தகத்தில் காட்டி, நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டால் பாதிப் பேர் முதல் வரியிலிருந்து மனசுக்குள் பாடிக்கொண்டே வந்துதான் அந்தச் சொல்லைக் கண்டுபிடிப்பார்கள். மீதிப் பேர் நம் முகத்தைப் பார்ப்பார்கள். "அக்கா, பாடத் தெரியும், படிக்கத் தெரியாது" என்று சில பிள்ளைகள் வெளிப்படையாகவே சொல்லிவிடும்.

நான் ஆலயத்தில் இந்தச் சின்னப் பிள்ளைகளின் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். சிலர் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள், சிலர் தேசியப் பள்ளியில். வீட்டில் எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் தேசியப் பள்ளிப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்தைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே இடம் இந்த வகுப்புதான். மனப்பாடம் செய்த ஐந்து பாட்டு இன்றைக்கு அவர்களுடையது. படிக்கத் தெரிந்துவிட்டால் பன்னிரு திருமுறையும் அவர்களுடையது. இந்த வித்தியாசத்தை உண்டாக்க நமக்குப் பெரிய பாடத்திட்டம் தேவையில்லை. வகுப்பின் முதல் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை எப்படிச் செலவு செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. இது புதிதாக எழுத்துச் சொல்லிக்கொடுப்பது பற்றியது அல்ல; சொல்லிக்கொடுத்த எழுத்து அடுத்த ஞாயிறு வரை நிற்க வேண்டுமே, அதற்கான மீள்பார்வை பற்றியது.

முதலில் ஒரு கணக்கு

இருபது பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் ஓர் எழுத்தட்டையைக் காட்டுகிறீர்கள். ஒரு பிள்ளை சொல்கிறது. ஒரு முறைக்கு இருபது வினாடி என்றால் பத்து நிமிடத்தில் முப்பது முறை. ஆளுக்கு ஒன்றரை வாய்ப்பு. உண்மையில் அதுகூட இல்லை. கையைத் தூக்கும் நாலு பேரே இருபது முறை சொல்லிவிடுவார்கள். அதே பிள்ளைகளை நால்வர் நால்வராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கட்டு அட்டை கொடுங்கள். அதே பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு ஏழு முறை வருகிறது.

ஆகவே விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "நல்லாத் தெரியாத பிள்ளை இதில் எத்தனை தடவை எழுத்தைப் பார்த்து வாய் திறக்கும்?" சத்தமும் சிரிப்பும் நிறைய இருந்து, அந்தப் பிள்ளை ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை என்றால் அது நல்ல பொழுதுபோக்கு, மீள்பார்வை ஆகாது. இதே காரணத்துக்காகத்தான் தோற்றவர் வெளியே போகும் ஆட்டங்களை நான் வைப்பதில்லை. நாற்காலி ஆட்டம் மாதிரி ஒன்றில் முதலில் வெளியே போவது யார்? எழுத்து தெரியாத பிள்ளைதான். யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ அவரே ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் முந்திக்கொண்டு பதில் சொல்வது இன்னொரு சிக்கல். அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். அட்டையைப் பிடிப்பவர் அவர். நண்பர் யோசிக்கும்போது மனசுக்குள் ஐந்து வரை எண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் உதவி. "நீதான் குட்டி டீச்சர்" என்று சொல்லிப் பாருங்கள், எவ்வளவு பொறுமையாக எண்ணுவார்கள் என்று!

247 என்று பயமுறுத்த வேண்டாம்

தமிழில் 247 எழுத்து என்று கேட்டதும் இளம் தொண்டர்களே மலைத்துப் போகிறார்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்பது சரியான கணக்குத்தான். ஆனால் பிள்ளை பழக வேண்டிய அடிப்படை ஒலி முப்பதுதான். மீதியெல்லாம் சேர்க்கை. மலாய் வாசிப்பில் 'பா, பி, பு' என்று அசை அசையாகப் படித்துப் பழகிய பிள்ளைக்கு 'ப, பா, பி, பீ' புதிய உலகமே இல்லை. அந்தப் பழக்கத்தை நமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம்.

வரிசையாகச் சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள். 'அ ஆ இ ஈ' என்று ராகத்தோடு ஒப்பிக்கும் பிள்ளைக்கு 'ஏ' தனியாக வந்து நின்றால் அடையாளம் தெரியாமல் போகலாம். மீள்பார்வையில் எழுத்தை எப்போதும் கலைத்துத்தான் காட்ட வேண்டும்.

இனி விளையாட்டுகள்.

1. பூசைத்தட்டு

ஒரு தட்டில் ஆலயத்தில் கிடைக்கும் பொருள்களை வையுங்கள்: மணி, விளக்கு, தேங்காய், பழம், ஊதுபத்தி, கற்பூரம், இலை, எலுமிச்சை. மேலே ஒரு துணி. பிள்ளை துணிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்து, பெயரைச் சொல்லி, முதல் ஒலியைப் பிரித்துச் சொல்ல வேண்டும்: "மணி... ம." பிறகு தரையில் விரித்திருக்கும் அட்டைகளில் 'ம'வைத் தேடி அதன் பக்கத்தில் பொருளை வைக்க வேண்டும். காது, வாய், கண் மூன்றும் ஒரே எழுத்தில் சேரும் ஆட்டம் இது. கொஞ்சம் தேறிய குழுவுக்குக் கடைசி ஒலியைக் கேளுங்கள். 'பழம்' என்றால் 'ம்'. 'இலை' என்றால் 'லை'. சொல்லின் கடைசியை உன்னிப்பாகக் கேட்கத் தெரிந்த பிள்ளை எழுதும்போது மெய்யெழுத்தை விடாது.

2. தட்டும் நீட்டும்

மலை – மாலை, படம் – பாடம், கல் – கால், எடு – ஏடு, கொடு – கோடு. குறிலையும் நெடிலையும் மாற்றினால் பொருளே மாறிவிடும் சொற்கள் இவை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரமே ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் அளவு சொல்கிறது. அதையே விளையாட்டாக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு விரல் நொடிக்க வராது. ஆகவே குறிலுக்குத் தொடையில் ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்ட வேண்டும்.

நீங்கள் அட்டையைக் காட்டுங்கள், வாய் திறக்காதீர்கள். 'மலை' அட்டையைப் பார்த்து எல்லாரும் சொல்லிக்கொண்டே தட்டுவார்கள். 'மாலை' என்றால் கை நீளும். யார் துணைக்காலைக் கவனிக்கவில்லை என்பது கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். யாரையும் தனியாகக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. ஐ, ஔ இரண்டும் நெடில்தான் என்றாலும் அவற்றுக்குக் குறில் சோடி இல்லை. தொடக்கத்தில் அவற்றை விட்டுவிடுங்கள்.

3. கொம்பும் காலும்

'கெ' என்பதில் முதலில் ஒலிப்பது 'க்', பிறகு 'எ'. ஆனால் எழுதும்போது கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் படித்துப் பழகிய பிள்ளை இங்கேதான் தடுமாறும். 'கொ', 'கோ' இன்னும் சிரமம். ஒரு துண்டு முன்னால், ஒரு துண்டு பின்னால்.

நாலு பிள்ளைகளை எழுப்பி விடுங்கள். ஒருவர் கையில் 'க'. ஒருவர் துணைக்கால், ஒருவர் ஒற்றைக் கொம்பு, ஒருவர் இரட்டைக் கொம்பு. 'க' நடுவில் அசையாமல் நிற்கும். துணைக்கால் வலப்பக்கம் வந்தால் உட்கார்ந்திருக்கும் எல்லாரும் "கா". அது போய் ஒற்றைக் கொம்பு இடப்பக்கம் வந்தால் "கெ". இரண்டும் சேர்ந்து வந்தால் "கொ". ஒற்றைக் கொம்பு உட்கார்ந்து இரட்டைக் கொம்பு ஓடி வந்தால் "கோ". இடம், வலம் பார்ப்பவர்களின் பக்கத்திலிருந்து கணக்கு. நிற்கும் பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே காட்டிவிடுங்கள். பிறகு 'க'வுக்குப் பதில் 'ம', 'ப', 'த' என்று மாற்றுங்கள். எழுத்து மாறினாலும் கொம்பின் வேலை மாறாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

4. உகரத்தின் மூன்று வாசல்

ஆனால் உகரம் மட்டும் இப்படி ஒரே குறியை ஏற்றுக்கொள்ளாது. கு, சு, து மூன்றும் மூன்று விதமாக முடிகின்றன. கூர்ந்து பார்த்தால் பதினெட்டு மெய்யும் மூன்று கூட்டமாகப் பிரிந்துவிடும். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். ஙு, சு, பு, யு, வு இன்னொன்று. ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாவது. மண்டபத்தில் மூன்று தூண்களில் 'கு', 'சு', 'து' என்று ஒட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. கையிலுள்ள எழுத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே தன் கூட்டத்தின் தூணுக்குப் போக வேண்டும். தூணடியில் ஒருவர் அட்டையை மற்றவர் வாங்கிப் படித்துச் சரிபார்ப்பார்கள். பிறகு அட்டைகளைக் கலைத்து மறுபடியும்.

5. காலி கட்டப் பாண்டி

தரையில் எழுத்தை எழுதி அதன் மேல் குதிக்க வைக்கும் ஆட்டத்தைப் பல கையேடுகளில் பார்க்கலாம். நம் வீட்டில் புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். எழுத்தைச் சரஸ்வதியாக நினைக்கும் பிள்ளையை எழுத்தின் மேல் மிதிக்கச் சொல்வது சரியாகாது. அதற்காகக் குதிக்கும் ஆட்டத்தையே விட வேண்டுமா? வேண்டாம். பாண்டிக் கட்டங்களைக் காலியாக வரையுங்கள். எதிரே சுவரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அசையாகச் சொற்களை ஒட்டுங்கள்: கோ – பு – ரம். கா – வ – டி. சே – வல். பிள்ளை சுவரைப் பார்த்தபடி, ஒரு குதிக்கு ஓர் அசை சொல்லிப் போகும். கடைசிக் கட்டத்தில் இரண்டு காலையும் ஊன்றி முழுச் சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "கோபுரம்!" பிரித்துப் படித்ததைச் சேர்த்துச் சொல்வதுதான் வாசிப்பின் உயிர். அதனால் அந்தக் கடைசிக் குதியை யாரும் தாண்டிப் போக விடாதீர்கள்.

6. மூன்று கூடை

"அண்ணா, மலாயில மூணு எழுத்து இருக்கே, தமிழ்ல ஏன் 'க' ஒண்ணுதான் இருக்கு?" தேசியப் பள்ளிப் பிள்ளை இப்படிக் கேட்டால் திட்டாதீர்கள், நல்ல காது இருக்கிறது என்று பாராட்டுங்கள். தமிழில் 'க' எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்து ஒலி மாறும். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் வன்மையாக ஒலிக்கும்: கல், பக்கம். மெல்லினத்துக்குப் பின்னால் மென்மையாகும்: தங்கம், சங்கு. இரண்டு உயிரொலிக்கு நடுவில் இன்னும் தளரும்: முகம், பகல். மூன்று கூடை வைத்து, சொல்லட்டையைப் படித்துப் பொருத்தமான கூடையில் போடச் சொல்லுங்கள். பத்து அட்டை போட்ட பிறகு, "எந்தக் கூடைச் சொல்லில் 'க' எங்கே இருக்கு?" என்று கேளுங்கள். விதியை நாம் சொல்லாமலே பிள்ளைகள் சொல்வார்கள். அடுத்த வாரம் இதையே 'ட', 'ப' வைத்து விளையாடலாம்: பட்டு, பண்டம், படம், பால், கம்பு.

7. நாக்கு எங்கே?

பால், பழம், விளக்கு. மூன்றும் பூசைச் சொற்கள். மூன்றிலும் மூன்று 'ல'கரம். நம் பேச்சில் 'வாளப்பளம்' என்று வருவது சகஜம். அதற்காகப் பிள்ளையைக் கேலி செய்தால் வாயே திறக்காது. நாக்கைக் காட்டிக் கொடுங்கள். 'ல'வுக்கு நாக்கு நுனி மேல் பல் ஈறைத் தொடும். 'ள'வுக்குப் பின்னால் மடங்கி அண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு மடங்கும், ஆனால் தொடாது. ஒரு கையை அண்ணமாகவும் மறு கையை நாக்காகவும் வைத்துப் பிள்ளைகள் செய்து காட்டட்டும். பிறகு இருவர் இருவராக: ஒருவர் 'ஒலி', 'ஒளி', 'ஒழி' அட்டைகளில் ஒன்றைப் படிக்க, மற்றவர் எந்த அட்டை என்று தொட்டுக் காட்ட வேண்டும். தப்பாகத் தொட்டால் கேட்டவர் மேல் குற்றமில்லை, சொன்னவரும் இன்னொரு தடவை முயலலாம்.

ந, ன, ண குழப்பத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயரே ஒரு பாடம். ண – டண்ணகரம். ன – றன்னகரம். ந – தந்நகரம். பெயரின் முதல் எழுத்துத்தான் அதன் தோழன்: ண்ட, ன்ற, ந்த. வண்டி, கன்று, பந்து. மூன்று பிள்ளைகள் ண், ன், ந் பிடித்து நிற்க, ட, ற, த பிடித்தவர்கள் ஓடி வந்து தங்கள் தோழனோடு கைகோத்துச் சொல்லைச் சொல்ல வேண்டும். 'மூணு சுழி, ரெண்டு சுழி' என்று எண்ணிக் குழம்புவதைவிட இது பிள்ளைகளுக்கு நன்றாக நிற்கிறது.

8. அரிசித் தட்டு

விஜயதசமியன்று பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம். பிறகு வருஷம் முழுக்க அந்தத் தட்டு அலமாரியில்தான். அதை வெளியே எடுங்கள். இருவருக்கு ஒரு தட்டு. ஒருவர் ஒலியைச் சொல்ல மற்றவர் சொல்லிக்கொண்டே எழுதுவார். தட்டை ஓர் ஆட்டு ஆட்டினால் எழுத்து அழிந்துவிடும். தப்பும் அதோடு போய்விடும். தாளில் எழுதப் பயப்படும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

உண்மையில் படிக்கிறதா, ஊகிக்கிறதா?

இதைத் தெரிந்துகொள்ள ஒரு விளையாட்டு உண்டு. வேற்றுக்கிரகத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், அவர் பெயரைப் படியுங்கள் என்று அர்த்தமே இல்லாத சொல் ஒன்றைக் காட்டுங்கள்: 'டீமொழா', 'பூகேறி', 'நௌபில்'. படமும் இல்லை, பாட்டும் இல்லை. எழுத்தை நம்பித்தான் ஆக வேண்டும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நமக்கோ யாருக்கு எந்த எழுத்து இன்னும் வரவில்லை என்று தெரிந்துவிடும். அதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த ஞாயிறு எந்த விளையாட்டு என்பதை அந்த நோட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பத்துமலை ஏறுவோம்

எல்லாவற்றையும் சேர்க்கும் ஆட்டம் ஒன்று. பத்துமலையில் 272 படி. ஒரு நீளத் தாளில் 272 கோடு போட்டு, மேலே குகையை வரைந்து சுவரில் ஒட்டுங்கள். ஒரு பிள்ளை ஒரு புதிய சொல்லை உதவியில்லாமல் படித்தால் ஒரு படிக்கு வண்ணம் தீட்டலாம். இருபது பிள்ளைகள், வாரம் ஆளுக்கு இரண்டு சொல் என்றால் ஏழு வாரத்தில் மொத்த வகுப்பும் மேலே போய்விடும். இதில் அணி இல்லை, பாம்பு இல்லை, இறக்கம் இல்லை. வேகமாகப் படிக்கும் பிள்ளைக்கும் வாரம் இரண்டு படிதான். ஆகவே மேலே போக வேண்டுமானால் அது பக்கத்தில் இருப்பவருக்கு உதவித்தான் ஆக வேண்டும். ஒருத்தரைக் கீழே விட்டுவிட்டு மற்றவர் குகைக்குப் போக முடியாது.

கடைசிச் சில வாரங்களுக்கான சொற்களை அவர்கள் பாடும் பஞ்சபுராணத்திலிருந்தே எடுங்கள். ஏற்கனவே வாயில் இருக்கும் சொல் கண்ணுக்கும் தெரியும்போது பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பாடும்போது விரலைச் சொல்லுக்கடியில் வைத்துப் பாடச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லி வையுங்கள். தமிழ்நாட்டில் 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான பழைய திருமுறைப் புத்தகங்களில் ணை, லை, ளை, னை போன்றவை யானைத் தும்பிக்கை போல் வளைந்த வேறு வடிவத்தில் இருக்கும். ஆலய அலமாரியில் அப்படி ஒன்று இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். "தாத்தா படிச்ச எழுத்து" என்று ஆர்வமாகப் பார்ப்பார்கள்.

இளையோர்களே, நாம் பெரும்பாலும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இல்லை. ஆனால் அட்டை வெட்டத் தெரியும், தரையில் உட்காரத் தெரியும், ஐந்து வரை எண்ணிக் காத்திருக்கத் தெரியும். இந்த ஞாயிறு எல்லா விளையாட்டையும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், ஒன்று போதும். பின்வரிசையில் உதட்டை மட்டும் அசைக்கும் பிள்ளை யார் என்று முதலில் பார்த்து வையுங்கள். பத்து நிமிடம் முடிவதற்குள் அந்தப் பிள்ளையின் குரலை ஏழு முறை கேட்டீர்களா என்று மட்டும் எண்ணுங்கள்.